எழுந்து நின்ற தண்ணீர்

தண்ணீர் கீழே இறங்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கொல்லிமலையில் அதைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. மழை இறங்கும், ஊற்று இறங்கும், ஓடை இறங்கும், எல்லாம் சேர்ந்து கடைசியில் அடிவாரத்துக்காரர்களின் வயலுக்குப் போய்ச் சேரும். அது மேலே ஏறும் என்றோ, யாரும் இறைக்காமல் தூக்காமல் தானாகவே இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் என்றோ எனக்கு யாரும் சொன்னதில்லை. என் எட்டாவது வயதில் அதைக் கண்ணால் பார்த்தபோது வாய்விட்டு அலறிவிட்டேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா அவசரமாக என் வாயைப் பொத்தினார்.

அது வெள்ளைக்காரர்கள் காலம். எங்கள் மலையின் ஒரு பகுதியான குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு மேலே இருந்த காப்பித் தோட்டத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் வாங்கியிருந்தார். வெள்ளைக்காரர்களிலேயே இங்கிலீசுக்காரர் வேறு, பிரெஞ்சுக்காரர் வேறு என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய சமையல்காரர் புதுச்சேரியிலிருந்து வந்தவர். அவர் துரையை ‘முசே’ என்று கூப்பிடுவார். அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து நாங்கள் முசேதுரை என்றோம். அந்தச் சொல்லுக்கே ஐயா, துரை என்றுதான் அர்த்தமாம். ஆக, ஒரு ஊரே சேர்ந்து அவரைப் பல வருடம் துரைதுரை என்று அழைத்திருக்கிறது. அவரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

முசேதுரைக்குத் தண்ணீர் மேல் ஒரு பித்து. அவர் பிறந்து வளர்ந்த நாட்டில் அவருடைய அப்பாவுக்கு அரண்மனை போல ஒரு வீடு இருந்ததாம். அதைச் சுற்றிக் குளங்கள், நேர்கோடு போட்டாற்போல வெட்டிய கால்வாய்கள், வாயிலிருந்து தண்ணீர் துப்பும் கல்மீன்கள். எல்லாம் கைவிட்டுப் போய்விட்டன என்று சமையல்காரர் சொல்வார். கைவிட்டுப் போனதை எங்கள் மலையில் திரும்பக் கட்டுவது என்று துரை முடிவு செய்தது எங்கள் தலையெழுத்து.

முதலில் செய்தது நல்ல காரியமாகத்தான் இருந்தது. மேட்டில் இருந்த ஊற்றைச் சுற்றிக் கல் வைத்துக் கட்டி, பெரிய தொட்டி ஒன்று எழுப்பினார். தொட்டியிலிருந்து ஒரு வாய்க்கால் வந்து மரச்சக்கரத்தின் மேல் விழுந்தது. சக்கரம் சுற்றினால் கொட்டகைக்குள் காப்பிப் பழம் தோலுரிந்து கொட்டியது. பத்துப் பேர் செய்யும் வேலையைத் தண்ணீர் செய்கிறது என்று ஊரே போய்ப் பார்த்து வியந்தது. பிறகு அடிவாரத்துக் காரவள்ளிக்கு வண்டி வண்டியாக இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. ஒவ்வொரு குழாயையும் நான்கு பேர் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். என் அப்பாவும் தோள் கொடுத்தார். பல நடை சுமந்ததில் அவருடைய வலது தோளில் கன்றிப்போன தழும்பு விழுந்தது. எதற்கு இந்தக் குழாய் என்று அவர் கேட்கவில்லை.

அந்த ஊற்றுதான் எங்கள் ஓடைக்குத் தாய். ஊருக்குக் கீழே பள்ளத்தில் படிப்படியாக இருந்த நெல் வயல்கள் எல்லாம் அந்த ஓடையை நம்பியவை. மழைக்காலத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தை பிறந்ததும் ஓடை நூலாக மெலிந்தது. மாசியில் அந்த நூலும் அறுந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோட்டத்தில் குழாய் வேலை பார்த்தார். எதையும் ஒரு முறை பார்த்தால் பிடித்துக்கொள்ளும் கை அவருக்கு. அதனால் எல்லாத் திருகுகளையும் திறந்து மூடும் பொறுப்பைத் துரை அவரிடமே கொடுத்திருந்தார். வேலை எல்லாம் முடிந்து, துரை சேலத்துக்குப் போயிருந்த ஒரு பகல் வேளையில்தான் சித்தப்பா என்னைக் கூட்டிப் போய் அந்த எழுந்து நிற்கிற தண்ணீரைக் காட்டினார். பங்களாவுக்கு முன்னால் ஒரு வட்டக் குளம். அதன் நடுவில் வாயைப் பிளந்த கல்மீன். சித்தப்பா திருகைத் திருப்பியதும் மீன் இருமிற்று, பிறகு வானத்தைப் பார்த்துத் துப்பிற்று. நான் அலறியது அப்போதுதான்.

“பயப்படாத கண்ணு. மேல தொட்டி இருக்குதில்ல, அங்கிருந்து குழாய்ல எறங்கி வர்ற வேகந்தான் இது. இன்னொண்ணு காட்டறேன் வா” என்றார்.

குளத்துக்கும் பங்களாவின் படிக்கட்டுக்கும் நடுவில் தட்டைக் கற்கள் பதித்த ஒரு சிறிய களம் இருந்தது. அதன் நடுவில் என்னை நிறுத்திவிட்டு அவர் ஒரு மதிலுக்குப் பின்னால் போனார். கண் மூடித் திறப்பதற்குள் கற்களின் இடுக்குகளிலிருந்து நாலாபுறமும் தண்ணீர் சீறிக் கிளம்பி என்னை அடித்தது. எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கமும் தண்ணீர். முதலில் கதறினேன், பிறகு சிரித்தேன், பிறகு இன்னொரு தரம் இன்னொரு தரம் என்று குதித்தேன். அவ்வளவு சந்தோஷமான ஒன்றை அதற்கு முன் நான் கண்டதில்லை.

துரையின் அப்பா வீட்டிலும் இப்படி ஒரு களம் உண்டாம். வரும் விருந்தாளிகளை அதில் நிற்க வைத்து, தெரியாமல் நனைத்து, எல்லோரும் சிரிப்பார்களாம். துரை படியில் நின்று தொப்பியைக் கழற்றினால் சித்தப்பா திறக்க வேண்டும், தொப்பி தலைக்குத் திரும்பினால் மூட வேண்டும். மதிலில் அதற்கென்று ஒரு துளை விட்டிருந்தார்கள். அதன் வழியாகப் படிக்கட்டு மட்டும் தெரியும். களத்தில் நிற்பது யார் என்று தெரியாது.

“யாருகிட்டயும் சொல்லப்படாது சாமி. வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும்” என்றார் சித்தப்பா.

சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வயிற்றுக்குள் ஒரு குருவியை வைத்துக்கொண்டு திரிவது போல இருந்தது.

அந்த வாரமே ஊர் கூடியது. நெல் கதிர் வாங்கும் சமயம், வயலில் வெடிப்பு விழுந்துவிட்டது. முசேதுரையிடம் போய்க் கேட்பது என்று முடிவானது. யார் பேசுவது என்பதில்தான் தயக்கம். கோபக்காரர்கள் வேண்டாம், பயந்தவர்களும் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்து கடைசியில் அப்பாவிடம் நின்றார்கள். அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அதுவே தகுதியாகிவிட்டது.

“ஊருக்காகப் போற. தொரைக்கு முன்னால தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வெச்சராத. தலையிலயே இருக்கட்டும்” என்றார் ஊர்க்கவுண்டர்.

மூன்று நாள் அப்பா பயிற்சி செய்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், வேலி கட்டும்போதும் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒருமுறை எருதிடம் “தொரைங்களுக்குக் கும்புடுங்க” என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

குறித்த நாளில் துரை வீட்டில் விருந்து. ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து வேறு தோட்டத்துத் துரைமார்களும் துரைசானிகளும் ஆட்கள் சுமந்து வரும் டோலிகளில் வந்திருந்தார்கள். அந்த நாளிலேயே எங்களையும் துரை வரச் சொன்னது நல்ல சகுனமாகப் பட்டது. நாலு பேர் முன்னால் கேட்டால் மறுக்க மாட்டார் என்று ஊர்க்கவுண்டர் கணக்குப் போட்டார். பத்து ஆண்கள் கிளம்பினார்கள். அழுது அடம்பிடித்து நானும் கிளம்பினேன். அப்பா வெளுத்த வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வாங்கிய சரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். கையில் ஒரு தார் மலைவாழை. என் கையில் மூங்கில் குழாயில் அடைத்த தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்மீன் துப்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆண்கள் அதை முதல் முறையாகப் பார்த்தார்கள். அந்தப் பத்து முகங்களும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஒருவர் கும்பிட்டார். ஒருவர் பின்வாங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் தண்ணீரின் உச்சியைப் பார்க்கவில்லை. அது விழும் இடத்தைப் பார்த்தார், அங்கிருந்து கல்வாய்க்கால் வழியாக அது போகும் திசையைப் பார்த்தார். அது தோட்டத்தின் மறுபக்கச் சரிவில் இறங்கிக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

துரை படிக்கட்டில் நின்றிருந்தார். சிவந்த முகம், வெள்ளை உடை, தலையில் அகலமான தொப்பி. பின்னால் விருந்தாளிகள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். சமையல்காரர் இறங்கி வந்து, “பேசறவர் மட்டும் முன்னால வாங்க. அந்தக் கல்லு போட்ட எடத்துல நின்னு பேசச் சொல்றாரு” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வயிற்றிலிருந்த குருவி படபடவென்று அடித்துக்கொண்டது. அப்பா களத்தை நோக்கி நடந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்திருந்தால்கூடப் போதும். இரண்டு கைகளாலும் தேன் குழாயைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா வாழைத்தாரைக் கல்லின் மேல் பதமாக வைத்தார். நிமிர்ந்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

“தொரைங்களுக்கு எங்கூரு சனங்களோட கும்புடுங்க” என்று ஆரம்பித்தார்.

துரை புன்னகையோடு தொப்பியைக் கழற்றினார்.

தண்ணீர் கிளம்பியது. என் மேல் அடித்ததைவிட மூன்று மடங்கு வேகம். அப்பாவின் முகத்திலும், மார்பிலும், முதுகிலும் சாட்டை போல அடித்தது. முதலில் சிரித்தது நான்தான். கைதட்டிச் சிரித்தேன். அதன் பிறகுதான் படிக்கட்டிலிருந்து சிரிப்பு வந்தது. துரைசானிகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொப்பியை வீசி வீசிச் சிரித்தார். எங்கள் ஊர் ஆண்களில் ஒருவரும் அசையவில்லை.

எல்லோரும் எதிர்பார்த்தது அப்பா துள்ளி ஓடுவார் என்று. அப்படி ஓடினால்தான் அந்த விளையாட்டில் ருசி. ஓடுகிறவரைத் தண்ணீர் துரத்துவதைப் பார்க்கத்தான் அத்தனை குழாய்களும் பதித்திருந்தது. அப்பா ஓடவில்லை. கூப்பிய கையை எடுக்கவில்லை. சரிகைத் தலைப்பாகை நனைந்து கனத்து, சரிந்து, ஒரு கண்ணை மறைத்தது. அதையும் அவர் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எருதிடம் சொல்லிப் பழகிய வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“மேல இருக்கற ஊத்து எங்க பாட்டன் காலத்துலருந்து எங்க ஓடைக்கு வந்துட்டிருந்துச்சுங்க. இப்ப ஓட காஞ்சு போச்சுங்க. நெல்லு கதிரு வாங்கற சமயமுங்க. எங்களுக்கு முழுத்தண்ணியும் வேண்டாமுங்க. பாதி உட்டீங்கன்னா பொழச்சுக்குவோமுங்க.”

வாய் திறந்தபோதெல்லாம் தண்ணீர் உள்ளே போனது. இருமினார். இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சமையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இரைச்சலுக்குள் துரையின் பாஷையில் கத்திக் கத்திச் சொன்னார். கத்தக் கத்த அவருடைய குரல் உடைந்தது.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு துரைசானி எழுந்து உள்ளே போய்விட்டாள். துரை பாதியில் உறைந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தொப்பி கையிலேயே இருந்தது. அதைத் தலையில் வைக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவில்லை. மதிலுக்குப் பின்னால் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கோ வெறுந்தலை மட்டும்தான் தெரிந்தது. அதனால் அவர் மூடவில்லை.

அப்பா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். அப்புறமும் தண்ணீர் நிற்கவில்லை. அவரும் நகரவில்லை. நான் சிரிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. எனக்குக் குளிர்வது போல இருந்தது.

மெல்ல மெல்லத் தண்ணீரின் உயரம் குறைந்தது. அப்பாவின் மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு. பின்னால் கல்மீனும் குட்டையாகி, கடைசியில் கொளகொளவென்று கனைத்துவிட்டு வாயைத் திறந்தபடியே நின்றது. மேட்டுத் தொட்டி வற்றிவிட்டது.

குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது என்று பதறி, கையைத் துடைத்துக்கொண்டே சித்தப்பா மதிலைச் சுற்றி ஓடி வந்தார். களத்தில் நின்ற ஆளைப் பார்த்தார். “அண்ணா” என்று ஒரு சத்தம். அந்த மாதிரிச் சத்தத்தை அதன் பிறகு சாவு வீடுகளில்தான் நான் கேட்டிருக்கிறேன்.

அப்பா இப்போதுதான் தலைப்பாகையைக் கண்ணிலிருந்து விலக்கினார்.

“தொட்டி காலியாயிருச்சா?” என்று கேட்டார்.

“ஆயிருச்சுங்கண்ணா.”

“மறுபடியும் நெரம்ப எத்தன நாளாவும்?”

“மூணு நாளாவுமுங்கண்ணா.”

அப்பா துரையின் பக்கம் திரும்பினார். “அந்த மூணு நாளு தண்ணி எங்க வயலுக்கு வந்திருந்தா பயிரு பொழச்சிருக்குமுங்க” என்றார். பிறகு மறுபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்னிடம் வந்து, தேனைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி கையைக் காட்டினார். நான் படியேறித் துரையிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். அவர் தொப்பியை இன்னும் தலையில் வைக்காதது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இதன் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்துச் சமையல்காரர் எங்கள் ஊருக்கு இறங்கி வந்தார். துரையின் நாட்டில் பிரபுக்களைக்கூட இப்படித்தான் நனைப்பார்கள், அது ஒரு மரியாதை, யாரையும் அவமானப்படுத்துகிற எண்ணம் அவருக்கு இல்லை என்று நீளமாகச் சொன்னார். அதற்குப் பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்று ஓடைக்கு விடப்படும் என்றார். விடவும் செய்தார்கள். வெடிப்பு விழுந்த வயல்களில் பாதி பிழைத்தன. எங்கள் வயலும் அந்தப் பாதியில் இருந்தது. களத்தின் கல் இடுக்குகளைச் சித்தப்பாவே சுண்ணாம்புக் காரை வைத்து அடைத்தார். ஊரில் அந்தக் கதை அப்பாவின் வெற்றியாக வளர்ந்தது. எங்கள் மலையில் கூடும் சோளக்காட்டுச் சந்தையில்கூட யார் யாரோ அதைச் சொன்னார்கள். பேச்சு ஆரம்பித்தாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். தன்னடக்கம் என்றார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. அவர் பேசாமல் வருவது புதிதல்ல என்பதால் நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தப்பா வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா அடுப்புப் பக்கத்தில் ஈரத் தலைப்பாகையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ என்னடா பண்ணுவ? உனக்குத் தொப்பிதான தெரிஞ்சுது” என்றார் அப்பா. “எந்திரி. ஊட்டுக்குள்ள வா.”

அந்தக் கனிவைத்தான் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். யார் மேலாவது கொஞ்சம் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் போல அவருக்கு இருந்திருக்கும்.

“பாப்பாவுக்குத் தெரியுமுங்கண்ணா. அந்தக் கல்லு மேல நிறுத்தி நானே வெளையாட்டுக் காட்டினேன். பாப்பாவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்” என்றார்.

களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா கண்ணு?”

“தெரியும்” என்றேன். எனக்கு அந்த நேரம் எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஒரு வாரமாக வயிற்றுக்குள் பொத்தி வைத்திருந்ததை எல்லோர் முன்னிலையிலும் வெளியே எடுத்துக் காட்டுகிறேன். “எல்லாம் தெரியும். ஆனா நான் யாருகிட்டயுமே சொல்லல. அம்மாகிட்டக்கூடச் சொல்லல” என்றேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைக்கு முன்னால் அத்தனை தண்ணீரிலும் மாறாத அந்த முகம், அடுப்பு வெளிச்சத்தில் ஏதோ ஒரு விதமாக மாறியது. புகை பட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். கை இன்னும் ஜில்லென்று இருந்தது.

“செரி சாமி” என்றார்.

பிறகு மாட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக அப்பா என்னை மெச்சிவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் திரும்பி வர வெகு நேரமானது. வந்தபோதும் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் பங்குக் களியையும் எனக்கே வைக்கச் சொன்னார். மலை ஏறி இறங்கியதில் எனக்கு அன்றைக்கு நல்ல பசி. இரண்டு பங்கையும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.